அழிந்துபோன அம்புக்குறி

உங்கள் கால் எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாமல் போயிருக்கிறதா, எப்போதாவது? மரத்துப்போவதைச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் எறும்பு மொய்த்த மாதிரி இருக்குமே, அப்போது கால் இருக்கிறது, நம்மேல் கோபமாக இருக்கிறது, அவ்வளவுதான். இது அப்படியில்லை. இடுப்புக்குக் கீழே குடியிருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருக்கிறது. முதுகில் ஊசி போட்ட பிறகு மயக்க மருந்து டாக்டர் வந்து, “கட்டைவிரலை ஆட்டும்மா” என்றார். ஆட்டினேன். “ஆட்டும்மா” என்றார் மறுபடியும். ஆட்டிக்கொண்டுதானே இருக்கிறேன். “ம், ஆடலை, நல்லது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆட்டினேன் என்று நான் சொல்கிறேன், ஆடவில்லை என்று அவர் சொல்கிறார். எழுந்து பார்க்கவும் வழியில்லை. நெஞ்சுக்கு நேரே, கொடியில் போர்வை காயப்போட்ட மாதிரி ஒரு பச்சைத் துணியைக் குறுக்கே கட்டிவிட்டார்கள். துணிக்கு இந்தப் பக்கம் நான், ராஜகனி. மூக்கில் ஒரு குழாய், வலதுகையில் சொட்டு மருந்து, இடதுகை விரலில் கொடியில் துணிக்கு மாட்டுகிற கிளிப் மாதிரி ஒன்று. அந்தப் பக்கம் என் கால்கள், எலும்பு டாக்டர், கூட இன்னும் சிலர். அங்கே வெளிச்சம் அதிகம், இங்கே நிழல்தான் விழுகிறது. நிழல் குனிகிறது, நிமிர்கிறது, கையை நீட்டி எதையோ வாங்குகிறது. பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று எட்டி எட்டிப் பார்க்கிற பெண்களை நான் எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன். “உங்க துணியை நான் தின்னுற மாட்டேன்க்கா, நாளைக்கு வாங்க” என்பேன். இப்போது துணி நான். எட்டிப் பார்க்கிறவளும் நான். விரட்டுவதற்கு என் தலைமாட்டில் ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறாள், முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிகிறது, அந்தக் கண்ணும் என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் பச்சைக் கோடு ஓடுகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒரு வாசனை வருகிறது. முதலில் என்னவென்று தெரியவில்லை. பிறகு பிடிபட்டது, ஆட்டுக்கால் வாட்டுகிற வாசனை. கறிக்கடையில் வாங்கி வந்து அடுப்பில் காட்டி மயிரைப் பொசுக்குவோமே, அதே. இங்கே ஆடு ஏது? அது நான்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, பயத்தில் வருகிற சிரிப்பு. ஒரு வருஷமாக நான் குடித்த ஆட்டுக்கால் சூப்புக்கு அந்த ஆடுகளெல்லாம் சேர்ந்து கேஸ் போட்டு ஜெயித்துவிட்டன. “எலும்புக்கு எலும்புதான் மருந்து” என்று என் மாமியார் வாரம் தவறாமல் கொதிக்க வைத்து ஊற்றினாள், அதுவும் எந்த வாளியில், பொங்கல் போட்டியில் நான் ஜெயித்த எவர்சில்வர் தூக்குவாளியில். முந்தின பொங்கலுக்கு எங்கள் தெருவில் பெண்களுக்குப் போட்டி வைத்தார்கள். வாயில் கரண்டி, கரண்டியில் எலுமிச்சம்பழம், விழாமல் ஓட வேண்டும். நான் பழத்தையே பார்த்துக்கொண்டு ஓடினேன். உறியடிக்குக் கம்பம் நடத் தோண்டி மூடாமல் விட்டிருந்த குழியை யார் பார்த்தது? கரண்டைக்கால் உள்பக்கமாக மடங்கி, மடக்கென்று ஒரு சத்தம். விழுந்தேன், கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தேன், பழம் கரண்டியிலேயே இருந்தது, அதனால் வாளி எனக்கு. தெருவே கைதட்டியது. நானும் தரையில் கிடந்தபடி கையைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம் உளுந்தமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பத்துப் போட்டார்கள், எண்ணெய் போட்டு நீவினார்கள், எக்ஸ்ரே எடுத்து “எலும்பு முறியலை, சுளுக்குத்தான்” என்றார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. வலி வடியவில்லை. அதுவும் வெளியே தெரிகிற வலியா, அதுதான் இல்லை. தையல் மெஷினில் மிதிக்கும்போது கால் ஒரு இடத்துக்கு வந்ததும் பாபினில் நூல் சிக்கிக்கொண்ட மாதிரி உள்ளே எதுவோ மாட்டும், சுருக்கென்று உச்சி வரை போகும், மறுபடி விடும். “காலு பாக்க நல்லாத்தானே இருக்கு” என்று மாமியார் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அடுப்புக்கா காது இருக்கிறது, எனக்குத்தான். தண்ணீர் எடுக்கப் போகாமல் இருக்க நான் நடிக்கிறேனாம். ஒரு வருஷம் முழுக்க ஒரு வீடே என்னைச் சந்தேகப்பட்டது, சூப்பும் ஊற்றிக்கொண்டே சந்தேகப்பட்டது. இப்போது நான் சந்தேகப்படுகிறேன். முறை வந்துவிட்டது.

ஸ்கேன் எடுத்த பிறகுதான் எலும்பு டாக்டர் சொன்னார், கரண்டைக்குள் எலும்பின் தலையில் வழுவழுவென்று ஒரு குருத்தெலும்பு இருக்கும், அது ஒரு இடத்தில் பெயர்ந்து, கீழே இருக்கிற எலும்பிலும் குழி விழுந்திருக்கிறது என்று. “ரத்தம் போகாம அந்த இடத்துல எலும்பு கொஞ்சம் செத்துப்போயிருக்கும்மா.” செத்துப்போயிருக்கு என்றார். குழம்பு ஆறிப்போயிருக்கு என்கிற மாதிரி சொன்னார். நான் அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். எப்போது செத்தது? நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தபோதா, மகிழினியை இடுப்பில் வைத்துப் பால்வாடிக்குத் தூக்கிப் போனபோதா? ஒரு வீட்டில் ஒருத்தர் செத்தால் தெருவுக்கே தெரிகிறது. எனக்குள்ளேயே ஒன்று செத்துக் கிடந்திருக்கிறது, எடுத்துப் போட ஆள் இல்லாமல், நான் அதன்மேல் ஏறி நின்று தோசை சுட்டிருக்கிறேன். சரி, செத்ததைச் சுரண்டி எடுப்பார்கள், அது நியாயம். அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் குழியை அடைக்க அதே காலில் முட்டியிலிருந்து ஒரு துண்டு எடுப்பாராம், குருத்தும் எலும்புமாகச் சேர்த்து. “மிளகாய் நாத்தை வேர் மண்ணோட பேத்து இன்னொரு பாத்தியில வைப்பீங்கள்ல, அது மாதிரி” என்றார். நான் நாற்று நட்டவள்தான். பெயர்த்த இடத்தில் ஒரு ஓட்டை இருக்குமே, அதற்கு என்ன பதில்? கேட்டேன். “அது முட்டியில பாரம் தாங்காத இடம்மா, தானா ஆறிரும்” என்றார். பாரம் தாங்காத இடத்தை எதற்கு ஆண்டவன் அங்கே வைத்தான்? பிளவுஸில் கிழிந்த கைக்கு ஒட்டுப் போட உடம்புப் பகுதியிலிருந்து துணி வெட்டினால் எந்த வாடிக்கைக்காரி என்னைச் சும்மா விடுவாள்? எங்கள் வீட்டுக்காரர், சுடலைமணி என்று பெயர், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அப்புறம் டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் தனியாகப் பேசினார். கண்ணாடிக் கதவு. அவர் தலை ஆடுவது தெரிந்தது. ஆடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்ததும், “என்ன சொன்னாரு?” என்றேன். “ஒண்ணுமில்ல கனி, எல்லாம் நல்லபடியா முடியும்னாரு.” ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு அவ்வளவு நேரமா? ஒன்றுமில்லை என்பதற்கு எதற்கு அத்தனை தடவை தலையாட்ட வேண்டும்? பஸ் முழுக்கக் கேட்டேன். ஜன்னல் வழியே பனைமரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பொய் சொன்னால் இப்படித்தான், மரத்தைப் பார்ப்பார்.

இப்போது ஒரு சத்தம். துளை போடுகிற சத்தம். ஜன்னலுக்குக் கம்பி வைக்கும்போது சுவரில் போடுவார்களே, அதே. தலைமாட்டில் இருக்கிற சிஸ்டரைப் பார்த்தேன், அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அந்தப் பக்கம் யாரோ இன்னொருவரிடம் மதியத்துக்கு என்ன என்று கேட்கிறார்கள். புளிச்சோறாம். என் எலும்பில் ஓட்டை போட்டுக்கொண்டே புளிச்சோறு. அதில் தப்பில்லை, நானும் மெஷின் ஓட்டிக்கொண்டே எத்தனையோ கதை பேசியிருக்கிறேன், பேச்சு சுவாரசியத்தில் ஒரு தடவை ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், பிளவுஸ் கையில் முன்பக்கம் குழிவு கூட இருக்கும், பின்பக்கம் குறைவு, அதனால் இடதுகைத் துணி வலதுகைக்கு ஆகாது. துணியை மடித்து வெட்டினால் ஒன்று இடது ஒன்று வலதாகத் தானே வந்துவிடும். மடிக்காமல் தனித்தனியாக வெட்டினால் துணியைத் திருப்பிப் போட வேண்டும், திருப்ப மறந்தேன். பூப்போட்ட பட்டு. ரெண்டும் இடது. அந்த அக்கா… அது கிடக்கட்டும். எனக்கு ஏன் இப்போது அது ஞாபகம் வந்தது? எதிர்ச் சுவரில் வெள்ளை விளக்குப் பலகையில் என் காலின் படத்தை மாட்டியிருக்கிறார்கள், தலையைக் கொஞ்சம் சாய்த்தால் பச்சைத் துணியின் ஓரத்துக்கு மேலே தெரிகிறது. சாம்பல் நிறத்தில் எலும்பு, எலும்புக்குள் ஒரு கறுப்புப் பள்ளம். கட்டைவிரல் பக்கம் இந்தப் பக்கமாக இருக்கிறது. அதாவது… பின்பக்கமாகத் திருப்பி மாட்டினால் அந்தப் பக்கமாக இருக்கும். பிலிமுக்கு முன் ஏது, பின் ஏது? நல்ல பக்கம், உள் பக்கம் என்று துணிக்காவது தடவிப் பார்த்துச் சொல்லலாம். திருப்பி மாட்டிவிட்டால் இடதுகால் வலதுகாலாகத் தெரியுமே. சீ, டாக்டருக்குத் தெரியாதா? தெரியும். எனக்கும்தான் கை வெட்டத் தெரியும்.

அப்போதுதான் அது வந்தது. அம்புக்குறி. நேற்றுச் சாயங்காலம் ஒரு சின்ன டாக்டரம்மா வார்டுக்கு வந்து ஊதா மைப் பேனாவால் என் இடதுகால் கெண்டைமேல் கீழ்நோக்கி ஒரு அம்பு போட்டுவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில் மரியபுஷ்பம் அக்காவுக்கும் முட்டிக்கு மேலே ஒன்று. எதற்கென்று அவள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. அம்பு பார்க்க அழகாகத்தான் இருந்தது, நான்கூட, “யக்கா, நம்ம ரெண்டு பேரையும் எங்கயோ போகச் சொல்லுது” என்றேன். பிறகு முடி வழிக்கிறவள் வந்தாள். அம்பைச் சுற்றி வழித்தாள். ஒரு காலை முடித்துவிட்டு மற்றக் காலையும் வழித்தாள், “ஒண்ணை மட்டும் வழிச்சா அசிங்கமா இருக்கும்மா” என்று. நல்ல மனசு. அவள் போனதும், சரி, அம்பு இவளுக்கு வழி காட்டப் போட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். இன்று விடியலில் நர்ஸ் வந்து, “நல்லா சோப்புப் போட்டுத் தேச்சுக் குளிச்சிட்டு வாங்க, அழுக்கு இருந்தா சீழ் பிடிச்சிரும்” என்றாள். எனக்கு ஒரு வேலையைச் சொன்னால் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பீர்க்கங்கூட்டால் தேய்த்தேன். ஊதா மை லேசில் போகவில்லை. விடுவேனா? வெட்டிய துணியில் சாக்குக் கட்டியால் போட்ட கோடு இருக்கும், தைத்து முடித்த பிறகு அதைத் தட்டித் துடைத்துவிட்டுத்தான் வாடிக்கைக்காரியிடம் கொடுக்க வேண்டும், கோடு தெரிந்தால் வேலை தெரியாதவள் என்பார்கள். அந்தக் கை, பழகின கை. தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து அம்பு போய்விட்டது. மரியபுஷ்பம் அக்காவுக்குக் குனிய முடியாது, ரெண்டு முட்டியும் தேய்ந்து வில் மாதிரி வளைந்திருக்கிறது, “ஏ பிள்ளே, எனக்கும் ரெண்டு தேய் தேய்ச்சு விடேன்” என்றாள். அவளுக்கும் தேய்த்துவிட்டேன். ரெண்டு பேரும் பளபளவென்று வெளியே வந்தோம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறோம் என்று அக்கா சொன்னாள். அந்த அம்பு எனக்குப் போட்டதில்லை. முடி வழிக்கிறவளுக்கும் இல்லை. கத்தி பிடிக்கிறவருக்கு.

நிதானமாக யோசி, ராஜகனி. எந்தக் கால் என்று யாராவது கேட்டார்களா? வார்டில் ஒருத்தர் கேட்டார், “இந்தக் கால்” என்று கையால் காட்டினேன், அவர் கையிலிருந்த பைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கொண்டுவந்ததும் நாலு பேர் சுற்றி நின்று ஏதோ வாசித்தார்கள், இங்கிலீஷில், வேகமாக, என் பெயர் மட்டும் நடுவில் வந்து போனது. “சரியாம்மா?” என்றார்கள். “ஆமா சார்” என்றேன். எதற்கு ஆமா சொன்னேன்? இங்கிலீஷில் யார் எதைச் சொன்னாலும் ஆமா சொல்லிவிடுகிற பழக்கம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் டீச்சர் “அண்டர்ஸ்டாண்ட்?” என்று கேட்டதும் வகுப்பே “எஸ் டீச்சர்” என்று கத்துமே, அதே ஆமா. வலது என்று வாசித்திருந்தாலும் ஆமா சொல்லியிருப்பேன். ராஜகனிக்கு மூக்கு ஆபரேஷன் என்று வாசித்திருந்தாலும் சொல்லியிருப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு காலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, அதுதானே என் ஒரு வருஷத்துச் சண்டையே. வீக்கமில்லை. முடி ரெண்டிலும் இல்லை. மெட்டியையும் நேற்றே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அப்படியென்றால் இப்போது அந்தப் பக்கம் துளைக்கிறார்களே, அது எது? உணர்வு இருந்தால் வலிக்கிற பக்கம் பார்த்துச் சொல்லிவிடலாம். வலி இல்லாமல் போனதுக்குச் சந்தோஷப்பட்டேனே காலையில். இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாமல் பண்ணின அந்த வலி இப்போது வந்து ஒரு தடவை சுருக்கென்று குத்திவிட்டுப் போகாதா என்று கிடக்கிறேன். வரவில்லை. ஆபரேஷன் பண்ணின காலை ஒன்றரை மாதம் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னார். நல்ல காலை ஊன்றி, வாக்கர் பிடித்து நடக்கலாம் என்றார். நல்ல காலை அறுத்துவிட்டால்? கெட்டதை ஊன்றியா நிற்பேன்? ஒன்றில் செத்த எலும்பு, ஒன்றில் அறுத்த எலும்பு. மெஷின் மிதிக்க ரெண்டு காலும் வேண்டும். மகிழினிக்கு நாலு வயசு, இன்னும் இடுப்பில்தான் ஏறுவாள். அவளுடைய பொம்மைக்குக் காலைக் கழற்றி மாட்டலாம், போன வாரம் மாற்றி மாட்டிவிட்டாள், இடது இருக்க வேண்டிய இடத்தில் வலது, பாதம் பின்னால் பார்த்தது. “அம்மாவுக்கும் இப்பிடிக் கழட்டி மாட்டுவாங்களாம்மா?” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

கேட்டுவிட வேண்டியதுதானே, வாய் இருக்கிறதே. இருக்கிறது. ஆனால் என்னவென்று கேட்பது? “டாக்டர், நீங்க சரியான காலைத்தான் அறுக்குறீங்களா?” நன்றாக வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி என் தோளுக்கு மேலே எட்டி, “அளவு சரிதானா?” என்றால் எனக்கே கத்தரிக்கோல் ஒரு நூல் விலகும். கோபத்தில் அவர் கை விலகினால்? அதோடு, “ஆமாம்மா, இடதுகால்தான்” என்று சொல்வார். தப்பாகவே இருந்தாலும் அப்படித்தான் சொல்வார், முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பார்ப்பார். நான் சொல்வதில்லையா, துணியில் கத்திரியே வைக்காமல், “ஊக்கு மட்டும்தான்க்கா பாக்கி” என்று? ஆமா என்று பதில் வருகிற கேள்வியே கேட்கக் கூடாது. பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும் என்கிற மாதிரி ஒன்று வேண்டும். இடதுகாலில் மட்டும் இருக்க வேண்டும், வலதுகாலில் இருக்கக் கூடாது, பைலில் எழுதியிருக்கக் கூடாது. மச்சமா? கரண்டைப் பக்கம் மச்சம் இல்லை. நகமா? விரலையெல்லாம் உறை போட்டு மூடியிருப்பார்கள். இந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம், டொக், டொக், உரலில் இடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை, ஒவ்வொரு அடிக்கும் என் தலையணை லேசாக நகர்கிறது, கால் இல்லாவிட்டாலும் அது என்னோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. முட்டியிலிருந்து எடுக்கிறார்கள் போல. முட்டி. முட்டியில்தான் இருக்கிறதே! ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூட மைதானத்தில் கோ-கோ விளையாட்டு, பக்கத்தில் தார் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள், ஜல்லித்தூள் மைதானம் வரை கொட்டிக் கிடந்தது. ஓடிக் கம்பத்தைப் பிடிக்கப் போய் முட்டி தேய விழுந்தேன். தூள் தோலுக்குள் போய்விட்டது. “எடுக்கலைன்னா அப்படியே இருந்துரும்டி” என்று டீச்சர் சொன்னார்கள், வலிக்கும் என்று எடுக்கவிடவில்லை. இருந்தேவிட்டது. நீலமாக, பச்சை குத்தின மாதிரி, மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. இடது முட்டியில். இடதுதானா? இடது புஜத்தில் சின்ன வயசில் ஊசி போட்ட தழும்பு இருக்கிறது, தலையைத் திருப்பிப் பார்த்தேன், அதோ, வட்டமாக. அந்தக் கைப் பக்கத்து முட்டிதான். சேலையைத் தூக்கிக் கட்டிப் பாத்திரம் தேய்க்கும்போது தினமும் பார்க்கிற புள்ளி. இப்போது மேலே மருந்து தடவியிருந்தாலும் அது போகாது. எதைத் தேய்த்தும் போகாதது அது ஒன்றுதான். அம்பைப் போட்டவர்கள் அந்தத் தூளைக் கொண்டு போட்டிருக்கலாம்.

உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கால் தடவிப் பிரித்தேன். “டாக்டர்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “டாக்டர்!” சுத்தியல் நின்றது. தலைமாட்டு சிஸ்டர் கடைசியில் என்னைப் பார்த்தாள். “என்னம்மா, வலிக்குதா?” என்றார் டாக்டர், துணிக்கு அந்தப் பக்கமிருந்து. “வலிக்கலை டாக்டர். ஒண்ணு கேக்கணும். என் முட்டியில என்ன இருக்கு?” அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது, புளிச்சோறும் நின்றுவிட்டது. “முட்டியில என்னம்மா இருக்கும், சில்லு இருக்கு” என்றார், அவர் சொன்னதற்கு ரெண்டு பேர் சிரித்தார்கள். “உள்ள இல்ல டாக்டர். வெளியில. தோல்ல. என்ன தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க.” “மயக்கத்துல பேசுது போல” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். எனக்கு எங்கே மயக்கம்? வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக நான் இருந்ததே இல்லை. டாக்டரின் நிழல் குனிந்தது. பச்சைக் கோட்டுப் பெட்டி டிக் டிக்கென்று வேகமாக அடிக்க ஆரம்பித்தது, அது என் நெஞ்சுதான் என்று எனக்குத் தெரியும், சிஸ்டர் அதைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். பனைமரத்தைப் பார்க்க எனக்கு ஒரு ஜன்னலும் இல்லை. ஒன்றும் இல்லையேம்மா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். ஒன்றும் செய்ய முடியாது, எழுந்து ஓடக்கூட முடியாது. “ஆங், இருக்கு” என்றார். “நீலமா ஒரு புள்ளி. மருந்துக்கு அடியில மங்கலாத் தெரியுது. மிளகாட்டம். என்னது, பச்சை குத்தினதா?” நான் விட்ட மூச்சில் பச்சைத் துணியே ஆடியிருக்கும். “கோ-கோ டாக்டர்” என்றேன், வேறு எதுவும் சொல்ல வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ரெண்டு காதுக்குள்ளும் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை, சிஸ்டர்தான் பஞ்சால் துடைத்தாள். “பயப்படாதம்மா, நாத்து நட்டாச்சு, நல்லா உக்காந்துருக்கு. அன்னைக்கே உன் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேனே, இவ ரொம்பக் கேள்வி கேப்பா போல, உள்ள தைரியமா இருப்பாளான்னு. அவளா, எங்களுக்கே தைரியம் சொல்லுவான்னாரு.” ஓ, கண்ணாடிக் கதவுக்குள் அதற்கா அத்தனை தலையாட்டல்! நம்பலாமா? பாதி நம்பலாம். மீதியை வார்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

இடதுகால்தான். என் இடதுகால். செத்ததை எடுத்துவிட்டார்கள், முட்டியிலிருந்து ஒரு உயிர்த்துண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. தையல் போடுகிறார்கள், நூல் இழுக்கிற அசைவு நிழலில் தெரிகிறது, நெருக்கமான தையல், பாராட்ட வேண்டும். ஒரு பாட்டை முணுமுணுக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. உடம்பு லேசாகி, இல்லாத கால்களோடு நான் மிதந்துகொண்டிருந்தேன், மகிழினியிடம் என்ன சொல்வது, அம்மாவுக்கு மாற்றி மாட்டவில்லை, சரியாக மாட்டிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும், தூக்குவாளியில் இனிமேல் சூப்பு ஊற்றக் கூடாது, மோர் ஊற்றலாம். அப்போது டாக்டர் கையுறையைக் கழற்றுகிற சத்தம், சட்டென்று, அதோடு அவர் குரல்: “அடுத்த கேஸை உள்ள கொண்டுவரச் சொல்லுங்க. முட்டி மாத்துறது. அவங்களுக்கு முழு மயக்கம்தானே?” “ஆமா சார், முதுகு வளைஞ்சிருக்கு, முதுகுல ஊசி ஏறாது” என்று யாரோ சொன்னார்கள். முட்டி மாற்றுவது. கதவு திறந்து, தள்ளுவண்டிச் சக்கரம் வெளி வராந்தாவில் கிறீச்சிடுகிறது, அந்தச் சத்தத்தோடு ஒரு இருமல், காலையில் குளியலறையில் என் தலைக்கு மேலே கேட்ட அதே இருமல். மரியபுஷ்பம் அக்கா. இப்போதைக்கு ஒரு முட்டிதான், இன்னொன்று ஆறு மாதம் கழித்து என்று சொன்னாளே. எது என்று சொன்னாள்? நான் கேட்கவில்லை. ரெண்டும் வில் மாதிரி வளைந்த முட்டி, ரெண்டும் ஒன்றுபோல. அம்பு எந்தக் காலில் இருந்தது? யோசித்துப் பார்க்கிறேன், ரெண்டு காலையும் மாற்றி மாற்றித் தேய்த்தேன், ஊதா மை சோப்பு நுரையோடு ஜலதாரையில் ஓடியதுதான் ஞாபகம் வருகிறது, எந்தக் காலிலிருந்து என்று வரவில்லை. டாக்டர் எதைச் சொன்னாலும் “கர்த்தர் பாத்துக்கிடுவாரு சார்” என்கிறவள் அவள். அவளுக்கு முட்டியில் நீலப் புள்ளி இல்லை. கேள்வி கேட்க அவளுக்கு விழிப்பும் இருக்காது. கிளிப் மாட்டின கையாலேயே சிஸ்டரின் பச்சை அங்கியைப் பிடித்து இழுத்தேன், பெட்டி கூச்சல் போட்டது. “என்னம்மா, கையை ஆட்டாத” என்றாள். “சிஸ்டர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன், வெளிய நிக்கிற மரியபுஷ்பம் அக்கா காலுல டாக்டரம்மா போட்ட அம்பை நான்தான் காலையில தேய்ச்சுக் கழுவிட்டேன். மயக்கம் குடுக்க முந்தி எந்தக் கால்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. ரெண்டும்தான் வலிக்கும்பாங்க, அதோட விட்டுராதீங்க சிஸ்டர், இன்னைக்கு எதுன்னு கையை வச்சுக் காட்டச் சொல்லுங்க.”